பின்சீட்டுக்கு அடியில் இருந்த தாள்

இன்று காலை நம் கார் ஃபாக்டரி லைனில் ஒரு சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். புது ஃபோம் வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் இடத்தில் வேறொருவர் சீட்டுக்குப் போல்ட் முறுக்குகிறார்.

பதினோரு வருடம் உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். வாலாஜாபாத் தாண்டும்வரை உனக்கு ஒரே பேச்சுதான், அமெரிக்காவில் அறுபதுகளில் செய்த முரட்டுக் கார்கள். ஷோரூமில் ஒரு தாளில் டிக் அடித்தால் போதுமாம், எந்த இன்ஜின், எந்த கியர், எப்படிப்பட்ட சீட் என்று கேட்டபடியே ஃபாக்டரியில் செய்து கொடுப்பார்களாம். எதோடு எது சேர்ந்து வந்தது, எது சேர்ந்து வரவே வராது என்று ஒப்பிப்பாய். இருப்பதிலேயே பெரிய இன்ஜினை வாங்கிவிட்டு ரேடியோவும் ஹீட்டரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி ஒருநாள் சொன்னாய். ரேஸுக்கு எடை குறைய வேண்டுமாம்.

“அத்த நம்மூர் ரோட்டுல எங்கடா ஓட்டுவ?” என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காவாந்தண்டலத்தில் உன் வீட்டு வாசலில் உன் மனைவி உன் போனை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணா, இங்கிலீஷ்ல இன்னாமோ வந்துகினே கீது. யாருன்னு பாருங்க.”

வாசல்படியில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். நாலைந்து வருடத்து ஈமெயில் கடிதங்கள். எங்கெங்கோ பழைய கார் வைத்திருப்பவர்கள் படம் அனுப்பி, இது அசலா போலியா என்று உன்னைக் கேட்டிருந்தார்கள். எல்லாரும் உன்னை ‘சார்’ என்றுதான் எழுதியிருந்தார்கள்.

கடைசியாக நீ பதில் எழுதியது ஒரு வயதான அம்மாவுக்கு. இறந்துபோன கணவர் அறுபதுகளில் ஷோரூமில் புதிதாக வாங்கிய கார் அந்த அம்மாவிடம் இருந்தது. அந்த இன்ஜினோடு அந்த சீட் ஃபாக்டரியிலிருந்து வந்ததே இல்லை, உங்கள் கணவர் சொன்னது பொய் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்களாம். வந்திருக்கலாம் என்று நீ பதில் எழுதியிருந்தாய். பின்சீட்டைக் கழற்றி ஸ்பிரிங்குக்குள் தேடச் சொல்லியிருந்தாய். லைனில் இருந்தவர்கள், அந்தக் காரில் எதையெல்லாம் பொருத்த வேண்டும் என்று குறித்த தாளைச் சில சமயம் அங்கேயே விட்டுவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தாய்.

தேடியிருக்கிறார். பழுத்துப்போன தாள் ஒன்று கிடைத்திருக்கிறது. கணவர் சொன்னதெல்லாம் அதில் வரிவரியாக இருந்ததாம். ‘அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை’ என்று முடித்திருந்தார். அந்தக் கடிதம் வந்த தேதியைப் பார்த்தேன். நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போன நாள்.

படித்ததை உன் மனைவிக்குச் சொன்னேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“எங்கிட்டயும் சொல்லலம்மா.”

நீ இறந்ததைத் தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் அந்த அம்மாவுக்கு எழுதினேன். வருத்தப்பட்டு எழுதினார். உன்னிடம் எத்தனை பழைய கார்கள் இருந்தன என்றும் கேட்டார். ஒரு மொபெட் இருந்தது, அந்தக் கார்களில் ஒன்றைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை என்றேன். பல நாள் கழித்து ஒரே வரி வந்தது, நம்ப முடியவில்லை என்று.

என்னாலும் முடியவில்லையடா. பதினோரு வருடம் உன் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தவன் நான். நீ பேசிய நேரத்தில் பாதிக்குமேல் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். அப்போது என்னவெல்லாம் சொன்னாயோ, தெரியவில்லை.