உல்ரிச்சின் வம்சத்தில் வந்த மணமகனுக்குத் திருமண நாள் வழங்காமை குறித்து

அனுப்புநர்:
ச. பாலேந்திரா,
ஹரோ, லண்டன்.

பெறுநர்:
தலைவர், அறங்காவலர் சபை,
புன்னையடி வேலாயுதர் ஆலயம்,
செவன் கிங்ஸ், லண்டன்.

பொருள்: செயலாளர் திரு. சண்முகராசா என் மகளின் திருமணப் பதிவை நிறுத்தி வைத்திருப்பதும், நான் ஒப்படைத்த குடும்ப ஆவணத்தை வெளியில் பேசித் திரிவதும்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. என் மகள் லக்‌ஷிகாவுக்கும் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மத்தியாஸ் என்பவருக்கும் வரும் ஓகஸ்ட் 31 அன்று தங்கள் ஆலயத்தில் திருமணம் நடத்த, சென்ற ஆண்டு ஏப்ரலில் விண்ணப்பம் கேட்டு வந்தேன். சங்கற்பத்தில் ஐயர் சொல்வதற்காக மணமகனின் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகியோரின் பெயர்களைப் படிவம் கேட்கிறது. திரு. சண்முகராசா என்னிடம் சொன்னது இது: "வெள்ளையளிலை ஆருக்கண்ணை பூட்டன்ரை பேர் தெரியும்? மூண்டு பேரை நீங்களே எழுதிவிடுங்கோ." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

2. மூன்று பெயர் போதும். நான் பதினொரு தலைமுறை கொடுத்தேன். பழைய ஜேர்மன் கையெழுத்தைக் கற்று, மத்தியாஸின் ஊர்த் தேவாலயப் பதிவேடுகளின் படங்களை ஓராண்டாக இணையத்தில் வாசித்து, 1660களில் வாழ்ந்த உல்ரிச் என்பவரில் போய் நின்றேன். அவருடைய மகள் வழியில் வந்ததே இக்குடும்பம். ஊரில் இறந்த மாடுகளை அகற்றித் தோலுரிப்பது அவர் தொழில். தேவாலயத்தில் அவருக்குக் கதவோரம் தனி இருக்கை. ஊரார் அவரோடு ஒரு மேசையில் இருந்து குடிப்பதில்லை.

3. மத்தியாஸ் இதற்கு வெட்கப்படவில்லை, எழுதச் சொன்னார். தமிழில் எழுதி இணைத்தேன். படிவம் கேட்காததைக் கொடுத்தது என் பிழை. என் படிப்பைக் காட்டப் போய் வந்த பிழை.

4. சென்ற மாதம் அன்னதானப் பந்தியில் திரு. சண்முகராசா, "செத்த மாடு உரிச்ச பகுதியாம். ஐயர் எந்த வாயாலை அந்தப் பேரைச் சொல்லுறது?" என்று கேட்டிருக்கிறார். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் அது எனக்கே திரும்பி வந்தது. திருமண நாளை உறுதிசெய்யச் சொன்னால் "பாப்பம்" என்கிறார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அலுவலகச் சுவரிலுள்ள நாட்காட்டியில் அந்த நாள் வெறுமையாகவே இருக்கிறது. நேற்றும் வந்து பார்த்தேன். முந்தநாளும் வந்து பார்த்தேன்.

5. 1994இல் என் தங்கை நகுலேஸ்வரிக்குப் பேசி முடித்த சம்பந்தம், "அந்தப் பகுதி சரிவராது" என்று எங்கள் சாதியைச் சுட்டி இதே சண்முகராசா மாப்பிள்ளை வீட்டாருக்கு எழுதிய ஒரு வரியால் முறிந்தது. தங்கை இன்றும் மனோர் பார்க்கில் தனியாகவே வசிக்கிறார். நான் அதை மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

6. ஆயினும் ஒன்றை மறைத்தால் இம்மனு பொய்யாகும். உல்ரிச்சின் தொழிலை முதன்முதல் வாசித்தபோது நான் மகிழ்ந்தேன். இக்கலியாணத்தில் எனக்கு விருப்பம் இருக்கவில்லை. மகளிடம் காட்டி நிறுத்தலாம் என்று அந்தப் பக்கத்தின் பிரதியை ஒன்பது நாள் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். சண்முகராசாவிடம் 1994இல் இருந்ததும் அப்படி ஒரு வரிதான்.

7. பத்தாம் நாள் அதே பதிவேட்டின் அடுத்த பக்கத்தை வாசித்தேன். உல்ரிச் ஊர்ச்சபைக்குக் கொடுத்த மனு அங்கே பதிவாகியிருந்தது. தம் மகளின் திருமணத்தை வெளிமுற்றத்தில் அல்லாமல், மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் போலத் தேவாலயத்தின் உள்ளே நடத்த அனுமதி கேட்கிறார். அதற்குப் பின்வரும் பக்கங்கள் ஈரத்தில் அழிந்துவிட்டன. திருமணம் நடந்திருக்கிறது, இல்லாவிட்டால் மத்தியாஸ் இல்லை. உள்ளேயா வெளியேயா என்றுதான் தெரியவில்லை. அந்நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு நான்கு முறை எழுதிவிட்டேன்.

ஆகவே, நான் ஒப்படைத்த ஆவணத்தைத் திரு. சண்முகராசாவிடமிருந்து மீட்டுத் தருமாறும், ஓகஸ்ட் 31ஐ என் மகளின் பெயரில் பதியுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கவும். உல்ரிச்சுக்கு என்ன பதில் கிடைத்தது என்று நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன். தங்கள் பதிலை எவரையும் அப்படித் தேட வைக்காதீர்கள்.

இடம்: ஹரோ
நாள்: 14.06.2025

இங்ஙனம்,
ச. பாலேந்திரா
(கையொப்பம்)

இணைப்பு: உல்ரிச்சின் மனு, தமிழாக்கத்துடன், ஒரு பக்கம்.