கடைசி இடம் காலியாக இருப்பது குறித்து

அனுப்புநர்
பெண்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் உரிமையாளர், பயிற்சியாளர், சமயங்களில் மெக்கானிக்;
கணித அறிவியல் திறன்மிகு மாணவர் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் (தற்போது படிக்க விடப்படாத) மாணவியின் தாய்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை.

பொருள்: வகுப்பில் எல்லாரும் ஒரே மதிப்பெண் வாங்கிய குற்றத்துக்காக என் மகளைப் பள்ளியை விட்டு நீக்கவிருப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நானும் ஒரு பள்ளி நடத்துகிறவள்தான். என் வகுப்பறைக்கு நான்கு சக்கரம், இரண்டு பிரேக். மேற்படி பள்ளியின் முதல்வரும் நானும் ஒரே தொழிலில் இருக்கிறோம் என்று ஒருமுறை அவரிடமே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே இம்மனுவில் அவரை எங்கும் சக பணியாளர் என்று குறிப்பிடாமல் மரியாதை காத்திருக்கிறேன்.

1. மேற்படி பள்ளியில் 'தரச் சீரமைப்பு' என்றொரு விதி உண்டு. ஒவ்வொரு பருவத் தேர்விலும் வகுப்பில் கடைசி இடம் பெறும் பிள்ளையைச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் இதை 'வடிகட்டல்' என்பார்கள். பரீட்சைக்கு மேல் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள்தாம் இவர்கள் எல்லாரும். பொறுக்கியதிலேயே மறுபடி மறுபடி பொறுக்கினால்தான் தரம் என்பது முதல்வரின் கொள்கை. போன பருவத்தில் அனுப்பப்பட்ட பெண்ணின் விடுதிக் கட்டிலில் இன்றுவரை யாரும் படுப்பதில்லை. அதற்கு ராசியில்லையாம். ஈர்ப்பு விசையைக் கரைத்துக் குடித்த பிள்ளைகளை ராசி பார்க்க வைத்த பெருமை இந்த விதியையே சேரும்.

2. என் மகளுக்கு விடுதியில் ஓர் அறைத்தோழி உண்டு. வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் 'கேள்விக்குறி'. எல்லாரும் விடையைக் கண்டுபிடித்து அடுத்த கணக்குக்குப் போன பிறகும், முதல் கணக்கு ஏன் அப்படி வந்தது என்று இவள் குடைந்துகொண்டிருப்பாள். அவள் கேட்ட ஒரு கேள்விக்கு "நாளைக்குச் சொல்றேம்மா" என்ற இயற்பியல் ஆசிரியர் மறுநாள் விடுப்பில் போய்விட்டார். முதல்வரிடமே ஒருநாள், "சார், இப்படிக் கடைசி ஆளை ஒவ்வொருத்தரா அனுப்பிக்கிட்டே போனா, முடிவுல ஒரே ஒருத்தர்தான் மிச்சம் இருப்பாங்க. அவங்க முதல் ஆளா, கடைசி ஆளா?" என்று கேட்டிருக்கிறாள். மணி அடித்துவிட்டது என்று சொல்லி முதல்வர் கிளம்பிவிட்டார். மணி அடிக்கவில்லை என்று வகுப்பே சாட்சி சொல்கிறது.

இப்படி யோசிக்கிற பிள்ளைக்குத் தேர்வில் நேரம் போதாது. மாதிரித் தேர்வுகளில் எல்லாம் அவள்தான் கடைசி. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாளாம். "அவ தூங்கறதே இல்லம்மா" என்று என் மகள் தொலைபேசியில் சொன்னாள். "நீ ஒழுங்கா தூங்கு" என்று சொல்லி நான் வைத்துவிட்டேன்.

3. பருவத் தேர்வு வந்தது. கணக்குத் தாளில் பத்துக் கேள்விகள்; கேள்விக்குறியால் நேரத்துக்குள் முடிக்க முடிவது ஆறு. வகுப்பு முழுவதும், கேள்விக்குறி உட்பட, முதல் ஆறு கேள்விகளுக்குப் பிசகில்லாமல் விடை எழுதிவிட்டு, மீதி நான்கையும் தொடாமல் பேனாவை மூடி வைத்தது. எல்லாருக்கும் அறுபது. அறிவியல் தாள்களிலும் இதே கதை. முதல்வர் முதலில் கேள்வித்தாள் கடினம் என்று நினைத்துக் கணக்கு ஆசிரியரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். சாதாரணப் பிள்ளைகளாக இருந்திருந்தால் முடிந்தே இருக்கும்.

4. ஆனால் இவர்கள் அந்தப் பள்ளியின் பிள்ளைகள். படிகளைக் காட்டாத விடைக்கு மதிப்பெண் இல்லை என்று அங்கே வகுப்புக்கு வகுப்பு சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் படிகளைக் காட்டியிருக்கிறது: 'கடைசி இடம் என்பது மற்ற எல்லாரையும்விடக் குறைவாகப் பெறுவது. இவ்வகுப்பில் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண். எனவே கடைசி இடம் காலி. எனவே தரச் சீரமைப்பு விதி இங்கே பொருந்தாது. நிரூபிக்கப்பட்டது.'

"ஏண்டி, கமுக்கமா இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன். "எழுதாம விட்டா அது ஏமாத்தறதும்மா. எழுதிட்டா அது நிரூபணம்" என்றாள். நிரூபித்துவிட்டால் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பியது ஒன்றுதான் இந்தப் பிள்ளைகள் செய்த தவறு ஐயா. இவ்வளவு அறிவுள்ள பிள்ளைகளுக்கு இவ்வளவு அசட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

5. விசாரணைக் குழு அமைத்தார்கள். யார் ஆரம்பித்தது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான்தான் சார்" என்று ஒவ்வொருவரும் சொல்லியிருக்கிறார்கள். திட்டம் போட்ட வாரம் முழுவதும் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த பையனும் "நான்தான்" என்றிருக்கிறான். அவனைக் குழு சற்றுக் கடுமையாகவே பார்த்ததாம். கடைசியில் எழுதிய அறிக்கையின் வாசகம் வருமாறு: 'இத்தகைய திட்டத்தை வகுக்கும் அறிவாற்றல் இவ்வகுப்பில் மேற்படி மாணவி ஒருவருக்கே உண்டு என்பதால், அவரே காரணகர்த்தா எனக் குழு ஒருமனதாகக் கருதுகிறது.'

மேற்படி மாணவி என் மகள். அறிவாளிகளுக்கான பள்ளியில் அறிவு அதிகம் என்பதே குற்றத்துக்கு ஆதாரம். இந்த அறிக்கையை எழுதிய கையோடு குழுவினர் வெளியே வந்தபோது, வாசல் பலகையில் 'நம் பள்ளியின் பெருமை' என்று என் மகளின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தொங்குகிறது. உண்மையில் யார் ஆரம்பித்தார்கள் என்று அவளிடம் கேட்டேன். "எங்களுக்கே ஞாபகம் இல்லம்மா. எல்லாரும் ஒரே நேரத்துல பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். நான் நம்புகிறேன். எங்கள் வீட்டில் அவள் ஒருத்தி பேசினாலே அப்படித்தான் இருக்கும்.

6. அந்த அறிக்கையின் பேரில் இடைநீக்கம் ஆனதிலிருந்து அவளை வீட்டில் தனியே விட மனமில்லாமல் பயிற்சிக் காரின் பின்னிருக்கையில் கூட்டிக்கொண்டு சுற்றுகிறேன். நேற்று ஒரு வங்கி அதிகாரி அம்மா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தபோது முதல்வர் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டேன். "உங்க பொண்ணு தங்கமான பொண்ணும்மா. அந்த அறைத்தோழிதான் தூண்டிவிட்டான்னு ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. இத்தோட முடிச்சுக்கலாம். அந்தப் புள்ள எப்படியும் போகவேண்டியதுதானே" என்றார்.

பொய் சொல்வானேன், எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பின்னாலிருந்து என் மகள், "அம்மா, அப்ப அடுத்த பருவம் யாரும்மா?" என்றாள்.

நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி நடுத்தெருவில் நின்றது. தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அந்த வங்கி அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நான் தொலைபேசியை அணைத்தேன். பெற்ற பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது.

7. ஐயா, என் மகள் இன்னொரு பள்ளியிலும் படித்துவிடுவாள். "எனக்கு எங்க போனாலும் கணக்கு வரும்மா" என்று அவளே சொல்கிறாள். ஆனால் கேள்விக்குறி இப்போது, "என்னாலதான் எல்லாம், நான் போயிடறேன்" என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டி விடுதிக் கட்டிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பில் மற்றப் பெண்கள் முறை வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். வரும் திங்கட்கிழமை இறுதி விசாரணை. அன்று இந்த இருவரில் ஒருத்தியை முதல்வர் அனுப்பியே தீருவார்; அவருடைய விதிக்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே, திங்கட்கிழமைக்குள் தாங்கள் தலையிட்டு இந்த விசாரணையை நிறுத்தவும், தரச் சீரமைப்பு என்ற விதியையே எடுத்துவிடவும் உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்தங்குகிற பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வேலையைத் தாருங்கள்.

ஒருவேளை என் மகளை மட்டும் சேர்த்துக்கொண்டு அந்தப் பிள்ளையை அனுப்பும்படி உத்தரவு தயாராகுமானால், அதைத் தபாலில் சேர்க்க வேண்டாம். என் மகள் அதை வாங்கிக்கொண்டு அந்த வாசலில் நுழைய மாட்டாள். நுழையச் சொல்ல எனக்கும் வாய் வராது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மாணவியின் தாய்

இடம்: பயிற்சிப் பள்ளி அலுவலகம், கார் நிறுத்துமிடத்தின் பின்பக்கம்
நாள்: இறுதி விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

இணைப்பு: பெயர், முகவரி விவரம் தனித்தாளில், விசாரணைக் குழு அறிக்கையின் நகல்.