இறுக்கி மூடிய மூடி

அன்புள்ள அம்மாவுக்கு மகளின் வணக்கம். உன் வயிற்றுத் தழும்பு மழைநாளில் இன்னும் அரிக்கிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறேன்.

போன வாரம் இங்கே ஒரே கூத்து. மனிதக் கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதியை ஈஸ்டுக்குள் உண்டாக்குகிறோம் என்று சொன்னேனே, அந்த ஈஸ்ட் வளரும் குடுவைகளை, "இறுக்கி மூடுடி, எறும்பு வந்துரும்" என்று நீ பழக்கிய கையால் திருகி மூடிவிட்டேன். காலையில் ஒரு மூடி தெறித்து, நுரை கூரைவரை அடித்தது.

"இது என்ன சர்க்கரை டப்பாவா? அதுக்கும் மூச்சு விடக் காத்து வேணாமா?" என்று சிரித்த ஆய்வகத் தலைவி, துடைக்கவும் கூட வந்தார்.

அடுத்த முறை தளர்த்தி மூடினேன். நொதியைச் சோதிக்க எந்த மருந்தைப் போடலாம் என்று தலைவி கேட்டார். நான் தினமும் விழுங்குவதைச் சொன்னேன். மறுநாள் பார்த்தால், மருந்தில் பாதி உடைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து பேர் எட்டு மாதம் மாரடித்துச் செய்த வேலையை, உன் கல்லீரலிலிருந்து வெட்டி எனக்கு வைத்த துண்டு தினமும் சத்தமில்லாமல் செய்கிறது. நேரில் நன்றி சொன்னால் "போடி" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பழைய போர்வையை அனுப்பு, புதிது வேண்டாம். குடுவைகளைப் பார்க்க ஓட வேண்டும், முடிக்கிறேன். ஒன்று மட்டும்: போனில் பேசி முடித்ததும் வைத்துவிடாதே. போனை அணைக்காமல் அடுப்பு மேடையில் அப்படியே விட்டுவிடு. நீ டப்பாக்களை இறுக்கி மூடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள்