சிவப்பு டேப், நீல டேப்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். போனில்தான் பேசிக்கொள்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதுபட என்னால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது.

மாப்பிள்ளை ஆபீஸில் கழித்துக் கட்டிய லேப்டாப் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி என்பதால் அப்பா தன் பஸ் டிப்போ பழக்கத்தில் எங்களுடையதற்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப்பும், குட்டியின் முதல் வருஷப் படங்களை வைத்து நீ இங்கே விட்டுப்போனதற்கு நீல டேப்பும் ஒட்டிவைத்தது உனக்கு நினைவிருக்கும். எங்களுடையதில் பட்டனை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தூக்கிப் போடுங்கள் என்றால், இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, ஏத்தின பாரம்தான் ஜாஸ்தி என்பார். அவர் பேப்பர் படிக்கப் போகும் நூலகத்துக்காரர் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சொன்னதிலிருந்து அதே பேச்சுத்தான். அதில் எத்தனை வகை தெரியுமா? ஒன்று பார்க்க அழகு, ஆனால் இந்தக் கிழட்டு மிஷினுக்குத் தாங்காது, இன்னொன்று லேசு, ஆனால் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் லினக்ஸ் மின்ட்டிலேயே லேசானதைப் பிடித்தார். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை வருகிறதா, பாட்டு கேட்கிறதா, தமிழில் அடிக்க முடிகிறதா என்றெல்லாம் சோதித்தார். என்னைக் கட்டும்போதுகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே என்று நான் கேலி செய்தேன்.

மறுநாள் காலை இரண்டையும் நான் துடைத்தேன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருந்தவளுக்குப் பிசுக்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? டேப் ஓரமெல்லாம் அழுக்கு. இரண்டையும் உரித்து, எண்ணெய் தொட்டுத் தேய்த்து, புது டேப் வெட்டி ஒட்டினேன். அங்கே ஒரு நாளும் துணி மூட்டைச் சீட்டை மாற்றிக் கட்டாதவள், வீட்டில் எது எதுவென்று பார்க்காமலே ஒட்டிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

அவர் சிவப்பை எடுத்து வேலையை ஆரம்பித்தார். அது திறக்க நேரமாகும் என்று பழைய விண்டோஸுக்குள் போகாமல் நேராகப் பென் டிரைவைச் செருகிவிட்டார். நடுவில் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார், உள்ள இருக்கிறதெல்லாம் முழுசா அழிஞ்சிடும்னு கேக்குது, சிவப்புதானே நம்மளோடது என்று. சிவப்புதான், அழிங்க என்று நான்தானம்மா சொன்னேன்.

போட்டு முடித்ததும், புதிது என்ன வேகம் என்று காட்ட நீல டேப் போட்டதைப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். அவருடைய செஸ் ஆட்டம் வந்து நின்றது. அப்படியென்றால் அழிந்தது உன்னுடையது. நான்தான் உள்ள திறந்து பாக்காம அழிச்சிட்டேன் என்றார். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. டேப்பை உரித்து ஒட்டியது நான் என்று சொல்லவில்லை. அவர் உன்னிடம் போனில் சொன்னபோதும் பக்கத்தில்தான் இருந்தேன். பரவாயில்லப்பா என்று சொல்லிவிட்டு நீ சட்டென்று போனை வைத்தாயே, அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அன்றிலிருந்து அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. மிக்ஸி நின்றுபோனது, பாருங்கள் என்றால், என் கையில எதையும் குடுக்காதே என்கிறார். தைரியசாலி என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன்.

ரிப்பேர் கடைக்காரர், அதை இனி ஆன் பண்ணாதீங்க, கொஞ்சம் மீட்க முடியலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் பழைய போனில் குட்டியின் படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று மறக்காமல் தேடிப் பார். கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம்.

என் எழுத்து கோணல் என்று உறையில் முகவரி எழுதுவது எப்போதும் அப்பாதான். வழக்கமாக ஒட்டித்தான் கொடுப்பேன். இந்தத் தடவை ஒட்டாமல், படிச்சிட்டு எழுதுங்க என்று சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உறையில் அவர் கையெழுத்து இருந்தால், அவருக்கும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
டேப்பை மாற்றி ஒட்டிய
உன் அம்மா