புள்ளிக் குட்டிகள்

1965 ஜனவரி 10, ஞாயிறு

துரை இன்றும் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. மாடுங்கா மார்க்கெட் முனையில், நடுச்சாலையில் நின்று எதையோ முகர்ந்துகொண்டிருந்தான். கைவண்டிக்காரன் என்னைத்தான் வைதான். இந்தத் திமிர் எனக்குப் பழக்கமானது. ஆபீஸில் என்னைத் தாண்டி சூப்பரின்டெண்டன்ட் ஆனவனும் கூப்பிட்டால் காதில் விழாதது போல ஃபைலைப் புரட்டுவான்.

கொடுத்தவரின் குணம்தான் நாய்க்கும். என் மைத்துனர், கோமதியின் அண்ணன் ஆறுமுகநயினார், போன ஆடியில் நான் ஆபீஸில் இருக்கும் நேரம் பார்த்து, இவனைக் குட்டியாக வீட்டில் விட்டுப் போனார். ராஜபாளையத்து நாய், பால் வெள்ளை. நேரில் தர முகமில்லை அவருக்கு.

ஜனவரி 13

கோமதி கைதவறிப் பித்தளை அண்டாவைப் போட்டுவிட்டாள். கீழ்வீட்டிலிருந்து ஆள் ஏறி வந்துவிட்டது. கட்டிலடியில் தூங்கிய துரை தலையைத் தூக்கவில்லை.

"அதுக்குக் காது கேக்காது. உங்களுக்குத்தான் திமிரா தெரியுது" என்றாள்.

ஆறு மாதமாக ஒரு செவிடனோடா சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்?

ஜனவரி 16, சனி

அரைநாள் ஆபீஸ் முடித்துத் துரையோடு பரேலுக்குப் போனேன். கால்நடை டாக்டர் விஜயலக்ஷ்மி, மதுரைப் பக்கத்துப் பெண். அவன் முதுகுக்குப் பின்னால் பூஜை மணியை அடித்துப் பார்த்தார். பிறவிச் செவிடு என்றார். வெள்ளை நாய்களில் இது வம்சவழியாக வருகிறதா என்று இரண்டு வருடமாக ஆராய்கிறாராம். புள்ளி விழுந்த குட்டிகளுக்குக் காது கேட்கும் என்று நினைக்கிறார். ஆனால் புள்ளிக் குட்டிகளை யாரும் வைத்துக்கொள்வதில்லை. பிறகு எதைக் காட்டி நிரூபிப்பது?

"தனித்தனியா பதினோரு நாய் பாத்துட்டேன் சார். தாய், தகப்பன், கூடப்பிறந்ததுன்னு ஒரு முழுக் குடும்பம் கிடைச்சா போதும். இதை எங்க வாங்கினீங்க?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 17

ஏன் பொய் சொன்னேன்? தாயும் தகப்பனும் தாராவியில், மைத்துனரின் மாவுமில்லுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஆனால் நான் அந்த வாசலை மிதித்து நான்கு வருடமாகிறது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் எட்டாவது தேறாதவனுக்கெல்லாம் பதவி போட்டிருந்தது. என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. இல்லை. மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 3, புதன்

முந்தாநாள் தாய் நாய் மறுபடி ஆறு குட்டி போட்டிருக்கிறதாம். அதே தகப்பன். இரண்டு குட்டிகள் புள்ளி. காலையில் கோமதி சொன்னாள். மைத்துனர் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும் — மூன்றாம் நாள் புள்ளிக் குட்டிகளை வாளித் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். இன்று மூன்றாம் நாள்.

ஆபீஸுக்குப் போகவில்லை.

மில் ஓடிக்கொண்டிருந்தது. கூடைக்குப் பக்கத்தில் வாளி நிரம்பி இருந்தது.

"வாங்க மாப்ளே. பி.ஏ.க்கு வழி தெரிஞ்சிட்டே" என்றார், புருவமெல்லாம் மாவாக.

"அந்த ரெண்டையும் ஆறு வாரம் விட்டு வையிங்க மச்சான்."

"என்னத்துக்கு? புள்ளியை வச்சிருந்தா வம்சம் கலந்துபோச்சும்பானுவ. நாலு பேரு சிரிப்பான்."

"துரைக்குக் காது கேக்காது."

"என்னது?"

கத்திச் சொன்னேன். போய் மில்லை நிறுத்தினார். கோதுமைப் பையோடு நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"தெரிஞ்சு குடுக்கல மாப்ளே" என்றார் மெதுவாக.

நம்பினேன். அந்த இரைச்சலில் பிறந்து வளரும் நாய்க்குக் காது கேட்கிறதா என்று யார் கண்டது? புள்ளிக் குட்டிக்குக் காது கேட்குமா என்று முழுக் குடும்பத்தையும் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"சரி, ஆறு வாரம். ஆனா ஞாயித்துக்கிழமை தோறும் நீங்கதான் வந்து எழுதணும். நமக்கு எழுத்து வராது."

வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

பிப்ரவரி 6

டாக்டரிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் கோடு போட்ட நோட்டு ஒன்றை நீட்டினார்.

பிப்ரவரி 21

ஆறும் கண் திறந்துவிட்டன. பெரிய புள்ளிக்காரி என் செருப்பைச் சப்பினாள்.

மார்ச் 14, ஞாயிறு

மில் விடுமுறை. டாக்டர் வந்தார். ஒவ்வொரு குட்டியாகச் சாக்கின் மேல் விட்டு, பின்னால் மணி. நான் எழுதினேன். புள்ளி இரண்டும் உடனே திரும்பின. அப்பாடா. வெள்ளை நான்கில் இரண்டு திரும்பின. மற்ற இரண்டும் சாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தன.

மச்சான் மணியை வாங்கித் தானே அடித்துப் பார்த்தார். பிறகு தாய்க்கு. அதற்குக் கேட்கிறது. தகப்பனுக்கு இடதுபுறம் அடித்தால் வலதுபுறம் தேடுகிறது. ஒரு காதுதான் வேலை செய்கிறது போல என்றார் டாக்டர். ஒரே குடும்பத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னார்.

"வெள்ளை வெள்ளைன்னு அலைஞ்சு காதைத் தொலைச்சிட்டமே" என்றார் மச்சான். புள்ளிக்காரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பத்திரிகை விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. அது இன்னும் எரிகிறது. ஆனாலும் சாப்பிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 20

தரையைக் காலால் தட்டினால் துரை திரும்புகிறான். கையசைத்தால் வருகிறான். ஆபீஸில்தான் எதைத் தட்டியும் பயனில்லை.

ஜூன் 18, வெள்ளி

மழை. தாதர் வரை ரயில் நின்று நின்று வந்தது. வீட்டு வாசலில் மூடிய கூடை ஒன்று.

"மில்லுக்கு எதுத்த வீட்டுப் பூமாரி வச்சிட்டுப் போனா" என்றாள் கோமதி. "அவ வீட்டு நாய் போட்டதாம், ஒரு மாசம் ஆகுது. வாளில போடாத, மாப்ளகிட்ட குடு, எழுதிக்கிடுவாருன்னு அண்ணன் சொன்னாராம். இன்னும் ரெண்டு தெருவுக்குச் சொல்லி வச்சிருக்காராம்."

கூடைக்குள் காதோரம் கறுப்புத் திட்டோடு ஒன்று என்னை அண்ணாந்து பார்த்தது. துரை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

ஈரச் சட்டையைக் கழற்றுமுன் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் எழுதினேன்: இரண்டாம் குடும்பம்.