கடைசிப் படியில் ஒன்றரை அங்குலம்

அகலமும் உயரமும் அறிவும் அளவாக அமைந்த என் மருமகளுக்கு, செங்கல் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய நான் ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் கொலுவிருந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகம்தான் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மட்டும் எழுதிவிடுவாயாக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தில் ஒரு கதை வரப்போகிறது, அதை நீ நம்ப மாட்டாய், உன் கல்லூரி நம்பாது, ஊர் உலகம் நம்பாது, ஆனாலும் சுவர் மட்டம் பார்க்கும் என் ரசமட்டத்தின் மேல் ஆணையாக அத்தனையும் நடந்தது.

உன் அம்மாதான் எழுதச் சொன்னாள். நான் எழுதினா பொறப்பட்டு வந்துடுன்னு ஒரே வரியில முடிஞ்சிரும்டா, நீயே எழுது என்றாள். அவள் மூக்குக்கண்ணாடி மேல் உன் அப்பா உட்கார்ந்துவிட்டதால் ஒரு காதில் நூல் கட்டி மாட்டிக்கொண்டு அலைகிறாள், அதனால் உன் கடிதத்தை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். உன் அப்பாவோ வேலை தேடுவதற்காக நீ உன் கட்டட வரைபடங்களைத் தொகுத்து அச்சடித்த போர்ட்ஃபோலியோவைப் பஸ் ஓட்டப் போகும்போதும் கையோடு கொண்டுபோகிறார். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் எம் பொண்ணு வரைஞ்சது பாருங்க என்று நீட்டுகிறாராம். ஒருவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அருமைங்க, இந்த ஏரி எந்தப் பக்கம் இருக்கு என்று கேட்டாராம். அது ஏரி இல்லை, வானம்.

நானும் நாற்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினேன். முப்பது வருடமாகக் கட்டடம் கட்டுகிறேன், இப்படியொரு உலகத்தை நான் பார்த்ததில்லை தாயே. எல்லாப் பக்கத்திலும் சாயங்காலம். எல்லாக் கட்டடமும் கண்ணாடி, அதைத் துடைக்க ஒரு ஆள் கிடையாது. வாசலில் பலூனோடு ஒரு குழந்தை, மேலே இருபது பறவை, துணி காய ஒரு கொடிக்கயிறு இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, கழிவறைக் குழாய் எங்கே இறங்குகிறது என்பது பரம ரகசியம். பதினோராம் பக்கத்தில் ‘இந்தச் சுவர் வெளியோடு உரையாடுகிறது’ என்று எழுதியிருக்கிறாய். நான் எழுப்பிய சுவர் எதுவும் என்னிடம் தண்ணீர் ஊற்று என்பதைத் தவிர வேறு பேச்சு பேசியது கிடையாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் உங்களை வேலைக்குத் தயார் செய்ய வந்த அந்த டை கட்டிய மகான் என்று எழுதியிருந்தாய். கறுப்புச் சட்டை போடு, கையை அழுத்திக் குலுக்கு, தவறுகளைக் காட்டாதே, உன்னை நீயே ஒரு சரக்காக நினைத்து விற்கப் பழகு என்றாராம். கை குலுக்குவதற்கு மட்டும் அரை நாள் பயிற்சியாம். என்னிடம் அனுப்பியிருந்தால் அரை நாள் கலவை குழைக்க விட்டிருப்பேன், அப்புறம் நீ கை குலுக்கினால் எதிராளி ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். ஒன்று முந்நூறு பேர் வேலை செய்யும் பெரிய ஆபீஸ், லிஃப்ட்டில் பாட்டு பாடுமாம். உன் சீனியர் அக்கா அங்கே சேர்ந்து மூன்று வருடமாகக் கார் நிறுத்தும் கட்டங்களை மட்டும் வரைகிறாளாம். இதுவரை அவள் போட்ட கட்டங்களை வரிசையாக வைத்தால் நிலாவில் போய் வண்டியை நிறுத்தலாம். இன்னொன்று டயர்க் கடைக்கு மேலே நாலே பேர் இருக்கும் சின்ன ஆபீஸ், வாரத்தில் மூன்று நாள் கட்டட வேலை நடக்கும் சைட்டில் நிற்க வேண்டும், பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஆவதற்கு வேண்டிய அனுபவத்தை அந்த ஆபீஸை நடத்தும் அம்மாளே கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். சின்ன இடத்துக்குத்தான் ஆசை மாமா, ஆனா சைட்னாலே எனக்குப் பயமா இருக்கு, பெரிய இடத்துக்கே சரின்னு சொல்லிடறேன், அந்த மாடிப்படியையும் போர்ட்ஃபோலியோவிலே சேர்க்கல என்று கடைசியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திக் கடிதத்தை உதறினேன், உன் அம்மா என்னடா என்றாள், தூசி என்றேன்.

அந்த மாடிப்படியின் கதைதான் இது. இரண்டாம் வருட விடுமுறையில் நீ வந்தபோது பல் டாக்டரின் கிளினிக்கை நான் கட்டிக்கொண்டிருந்தேன், மாடிப்படியை நீதான் வரைந்தாய், பதினெட்டுப் படி. மேல்தரையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் ஏறும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாய். கடைசிப் படி மட்டும் உயரமாகிவிட்டது. திறப்பு நாளில் டாக்டரே தடுக்கி விழுந்தார், கூட்டம் கொல்லென்று சிரித்தது, மறுநாள் முதல் பஸ்ஸில் நீ போய்விட்டாய், அந்தப் படியைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டாய். அதனால் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

மறுநாள் வந்த முதல் நோயாளி அதே படியில் தடுக்கினார், ஆடிக்கொண்டிருந்த பல் தானாக விழுந்தது. அடுத்தவருக்கும் அப்படியே. டாக்டர் குறடைத் தூக்கி எறிந்துவிட்டுப் படிக்கு அடியில் ஒரு கூடை வைத்தார். வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது, கப்பலில் எல்லாம் ஆள் வந்தார்கள். ஒரு நாள் உன் பெரிய ஆபீஸின் முதலாளி வீங்கிய கன்னத்தோடு வந்தார், கூடவே பதினோரு உதவியாளர்கள், ஒருவன் அவர் பென்சிலைச் சுமக்க, ஒருவன் அந்தப் பென்சிலின் நிழலைச் சுமக்க. மனிதர் தடுக்கினார், கடைவாய்ப் பல் ஜன்னல் வழியாகப் பறந்து எதிர்க்கடைப் பலகையில் பதிந்தது. இந்தப் படியில் என்ன கோளாறு என்று உதவியாளர்களைக் கேட்டார். பதினோரு பேரும் மூன்று நாள் படியைக் கம்ப்யூட்டரில் வரைந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், ஒருவனுக்கும் புரியவில்லை. நாலாம் நாள் டீக்கடைக்காரர் வந்து, டைல்ஸை மறந்துட்டு வரைஞ்சிருக்காங்க சார், இது தெரியலையா என்றார். கட்டியவன் எங்கே, அவன் கண்ணுக்குமா தெரியவில்லை என்று முதலாளி கர்ஜித்தார். கட்டியவன் வந்து நின்று, தெரிஞ்சுது ஐயா, கான்கிரீட் போடறதுக்கு முந்தின நாளே வரைபடத்திலே பார்த்துட்டேன், சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு பூதம் வந்து என் நாக்கை முடிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு என்றான். அதைக் கேட்டு அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பில் பாக்கியிருந்த பற்களும் விழுந்தன.

கதை முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கறுப்புச் சட்டையை வெயிலில் போடாதே. உன் அப்பாவும் அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள், நீ வரைவதெல்லாம் உறுதியாக நிற்கட்டும், நிற்பதில் எல்லாம் நீ தைரியமாக ஏறி நட. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன், நீ போனபிறகு அந்த ஒன்றரை அங்குலத்தைக் கீழிருந்து ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கல் பதித்தேன், அந்த அளவுகள். இப்போது யாரும் தடுக்குவதில்லை. உன் வரைபடத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டி நாற்பத்து மூன்றாம் பக்கமாகச் சேர்ப்பாயோ, கிழித்துப் போடுவாயோ, உன் இஷ்டம்.

கூடையும் கப்பலும் பதினோரு பேரும் புளுகு, நான் ஆணையிட்ட ரசமட்டமே உடைந்து ஒரு வருடமாகிறது. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். முந்தின நாளே நான் பார்த்துவிட்டேன். பூதம் எதுவும் வரவில்லை. காலேஜ் படிப்புதானே, ஒரு தடவை விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். யார் வரைந்தது என்று டாக்டர் கேட்டபோது நீ என் தப்புதான் டாக்டர் என்று முன்னால் வந்தாய், நான் கூரையில் பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் மாமா