கேட்காமல் மாற்றிய தலைநகர்

அனுப்புநர்:
பேருந்து நடத்துநர் (பெண்),
பணிமனைக் குடியிருப்பு, மேல்மாடி.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்.

பொருள்: நகர நூலகக் கணினி அறைப் பொறுப்பாளர் என் அனுமதியின்றி எங்கள் கணினி விளையாட்டுத் தலைநகரை இடம் மாற்றியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா,

1. பணி முடிந்ததும் நூலகக் கணினியில் நான் ஒரு ராஜ்ஜிய விளையாட்டு ஆடுவது வழக்கம். வெளியூரிலுள்ள என் அக்காவும் நானும் அதில் ஒரே நாட்டை இருவருமாக ஆள்கிறோம். ஒரு கல்யாண வீட்டுச் சண்டையில் நான்கு வருடம் முகம் கொடுத்துப் பேசாதிருந்த நாங்கள், இந்த விளையாட்டில்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம்.

2. எங்கள் தலைநகர் கடலோரத்தில் இருந்தது. எதிரிக் கப்பல்கள் நெருங்கவே, மலைக்கு அப்பால் மாற்றலாமா என்று யோசித்தோம். மாற்றினால் அரண்மனை தப்பும். ஆனால் பழைய ஊரின் காவல் தளர்ந்து துறைமுகம் பறிபோகும். எனக்கு அரை மனம். அக்காவோ, "பயந்து ஓடுறதுக்கா இவ்வளவு பாடுபட்டுக் கட்டினோம்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவெடுப்பதாக இருந்தோம்.

3. சனிக்கிழமை நான் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில், நாங்கள் தயங்குவதைப் பல நாளாக என் பின்னால் நின்று பார்த்து வந்த பொறுப்பாளர் என் நாற்காலியில் உட்கார்ந்து தலைநகரை மாற்றிவிட்டார். அதைத் திரும்பப் பெற வழியில்லை. கேட்டதற்கு, "எத்தனை நாள்தான் யோசிப்பீங்க? நானே முடிச்சுட்டேன்," என்று சிரித்தார். அவர் வீட்டுச் சாமான்களை நான் போய் இடம் மாற்றி வைத்தால் இப்படிச் சிரிப்பாரா என்று தெரியவில்லை.

4. அன்றிரவே துறைமுகம் போயிற்று. அது போகட்டும். மாற்றம் என் பெயரில் பதிவானதால் அக்கா போன் செய்து, "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடி?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். அதன்பின் என் அழைப்பை எடுப்பதில்லை.

5. நூலகரிடம் முறையிட்டேன். "விளையாட்டுக்கெல்லாம் புகாரா?" என்று அனுப்பிவிட்டார். நாங்கள் ஒருவேளை மாற்றித்தான் இருப்போம். ஆனால் அது நாங்கள் இருவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. அதில் தலையிட இந்தப் பொறுப்பாளர் யார்?

ஆகவே, உறுப்பினர் இருக்கையில் ஊழியர் எவரும் அமரக் கூடாது என உத்தரவிட வேண்டுகிறேன். பொறுப்பாளருடைய வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. தங்கள் முன்னிலையில், நூலகத் தொலைபேசியிலிருந்து என் அக்காவை அழைத்து, "நான்தான் மாத்தினேன், உங்க தங்கச்சி இல்ல" என்று அவர் தம் வாயால் சொல்ல வேண்டும். தெரியாத எண் என்றால் அக்கா எடுப்பார்.

இடம்: நகர நூலகம்
நாள்: மார்ச் 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
பேருந்து நடத்துநர்